அடுத்து எந்தப் படம்? பழம்பட வட்டுகளும் சேகரிப்பாளர்களின் ஊகங்களும்

ஒரு பழைய திரைப்படம் ப்ளூ-ரே வட்டாக வெளிவருமா என்று முன்கூட்டியே கணிக்க விரும்புகிறவருக்கு, அந்தப் படம் எவ்வளவு சிறந்தது என்ற தகவல் அநேகமாகப் பயன்படுவதில்லை. அமெரிக்காவின் கிரைட்டீரியன் கலெக்‌ஷன் நிறுவனம் மாதந்தோறும் மாதத்தின் நடுவில், மூன்று மாதம் கழித்து வரவிருக்கும் வட்டுகளை அறிவிக்கிறது. அறிவிப்புக்கு முந்தைய நாட்களில் பல நாட்டுச் சேகரிப்பாளர்களும் பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்கள். நிறுவனமும் சும்மா இருப்பதில்லை. தன் செய்திமடலில் ஒரு கேலிச்சித்திரத்தை விடுகதையாக அச்சிடும். புத்தாண்டில் அவ்வருட வெளியீடுகள் பலவற்றை ஒரே சித்திரத்துக்குள் ஒளித்துவைக்கும். தள்ளி நின்று பார்ப்பவருக்கு இதெல்லாம் வேலையற்றவர்களின் வெட்டிப்பேச்சு. ஆனால் இந்த ஊகங்களில் பலித்தவை எவை, பொய்த்தவை எவை என்று பிரித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ரசனையை நம்பிய ஊகம் பொய்க்கிறது. உரிமை யாரிடம், நெகட்டிவ் எங்கே என்று தேடிப் போன ஊகம் பலிக்கிறது. திரைப்படப் பாரம்பரியம் உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொதுமக்களே ஆராயும் ஒரு முறையாக இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அம்முறைக்குக் குறைகள் உண்டு. ஆயினும் அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு.

இந்தப் பழக்கத்தின் தொடக்கம் 1984. அந்த ஆண்டில் கிரைட்டீரியன் தன் முதல் லேசர் டிஸ்க்குகளாக ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’, 1933இல் வந்த ‘கிங் காங்’ ஆகிய இரண்டையும் வெளியிட்டது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆவணக் காப்பாளர் பேசிச்செல்லும் விளக்கவுரை ‘கிங் காங்’ வட்டில் தனி ஒலித்தடமாக இருந்தது. பிற்காலத்தில் எல்லா வட்டுகளிலும் பரவிய ‘கமெண்டரி’ அங்கிருந்து வந்ததுதான். 1998இல் நிறுவனம் டிவிடிக்கு மாறியபோது ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஒரு வரிசை எண் ஏறியது. எண் ஏறியதும் வாங்குகிறவர் சேகரிப்பாளர் ஆகிவிட்டார். வரிசையில் விடுபட்ட எண் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியாயிற்று. ஒன்றாம் எண்ணே அப்படித்தான் விடுபட்டு நின்றது. அது ழான் ரெனுவாரின் ‘லா கிராண்ட் இல்யூஷன்’ (1937) படத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. போரின்போது நாஜிகள் பாரிஸிலிருந்து பெர்லினுக்கு எடுத்துச் சென்ற அதன் கேமரா நெகட்டிவ், பின்னர் சோவியத் படைகளோடு மாஸ்கோவுக்குப் போய், 1960களில் ஆவணக் காப்பகங்களுக்கிடையே நடந்த பரிமாற்றத்தில் பிரான்ஸின் துலூஸ் நகருக்குத் திரும்பியிருந்தது. அது இன்னதென்று 1990களில்தான் அடையாளம் தெரிந்தது. தரமான மூலம் கிடைக்கும் என்று தெரிந்ததும் கிரைட்டீரியன் காத்திருந்தது. இரண்டாம் எண்ணான ‘செவன் சாமுராய்’ 1998இலேயே கடைக்கு வந்துவிட, ஒன்றாம் எண் 1999இல்தான் வந்தது. உலக சினிமாவின் உச்சங்களில் ஒன்று என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட படத்துக்கே நாள் குறித்தது அதன் நெகட்டிவ் இருந்த இடம்.

நெகட்டிவ் கிடைத்தால் மட்டும் போதாது. பெரிய கோயில் உண்டியலைப் போல, ஒரு படத்தை வெளியே எடுக்கவும் பல சாவிகள் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும், முதற்சாவி உரிமை. 2010இல் பிரான்ஸின் ஸ்டூடியோ கேனால் நிறுவனம் தன் படங்களின் அமெரிக்க வட்டு உரிமையைக் கிரைட்டீரியனிடமிருந்து விலக்கி லயன்ஸ்கேட்டுக்குக் கொடுத்தது. கரோல் ரீடின் ‘தி தேர்ட் மேன்’ உட்பட இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் கிரைட்டீரியனின் பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் இறங்கின. அவ்வளவு காத்திருந்து வந்த ஒன்றாம் எண்ணும் அவற்றோடு போயிற்று. பழைய வட்டுகளின் விலை மறுவிற்பனைச் சந்தையில் பலமடங்கு ஏறியது. அதற்குப் பிறகு சேகரிப்பாளர்கள் விமர்சனக் கட்டுரைகளைவிட வணிகச் செய்திகளைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார்கள். எந்த நிறுவனம் எந்தப் பட நூலகத்தை வாங்கியது, எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பவையே அவர்களுடைய ஊகத்தின் மூலப்பொருள்கள். எலேன் மே இயக்கிய ‘தி ஹார்ட்பிரேக் கிட்’ (1972) பல்லாண்டுகள் கடையில் கிடைக்காமல் போனதற்குக் காரணம், அதன் தயாரிப்பு நிறுவனத்தின் சொத்துகள் கைமாறி பிரிஸ்டல்-மையர்ஸ் என்ற மருந்து நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்ததுதான். மாத்திரை விற்கும் நிறுவனத்துக்குப் பழைய நகைச்சுவைப் படத்தை வெளியிட என்ன அவசரம்? ஜான் வூவின் ‘தி கில்லர்’, ‘ஹார்ட் பாயில்டு’ இரண்டும் கிரைட்டீரியன் டிவிடி வரிசையில் 8, 9 என்ற எண்களைப் பெற்றிருந்தும் பின்னர் பதிப்பற்றுப் போயின. ஹாங்காங்கின் கோல்டன் பிரின்சஸ் நிறுவனத்தின் 156 படங்களை ஷவுட் ஸ்டூடியோஸ் வாங்கியதாக 2025 ஜனவரியில் செய்தி வந்தது. அன்றே சேகரிப்பாளர்கள் இவ்விரு படங்களையும் தங்கள் பட்டியலின் முதலிடத்தில் எழுதினார்கள். சில மாதங்களில் 4கே வட்டுகளின் அறிவிப்பு வந்தது. பலித்த ஊகம் எப்படிப் பலித்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாம் சாவி மூலப்பொருள். சத்யஜித் ராயின் அபு முப்படங்களை நல்ல வட்டில் பார்க்க உலகம் ஏன் அவ்வளவு காலம் காத்திருந்தது என்ற கேள்விக்கு விடை 1993இல் லண்டனில் ஹெண்டர்சன்ஸ் லேபில் பற்றிய தீயில் இருக்கிறது. முந்தைய ஆண்டுதான் ராய்க்குக் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டிருந்தது. அதையொட்டி அவருடைய படங்களைப் பாதுகாக்கும் பணிக்காக நெகட்டிவ்கள் லண்டனுக்குப் போயிருந்தன. தீயில் கருகி, சுருங்கி, இனி எந்த இயந்திரத்திலும் ஓடாது என்று கைவிடப்படத்தக்க நிலையில் இருந்த சுருள்களை ஆஸ்கர் அகாடமியின் காப்பகம் தூக்கி எறியாமல் வைத்திருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவை இத்தாலியின் பொலோனா நகரிலுள்ள லிம்மாஜினே ரித்ரோவாதா கூடத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கு அவற்றுக்கு ஈரப்பதம் ஏற்றி, ஓரத் துளைகளைக் கையால் சீராக்கி, ஸ்கேன் செய்தார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறத்தாழ 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் எரிந்த நெகட்டிவிலிருந்தே மீண்டன. ‘அபுர் சன்சா’ருக்கு அதிலிருந்து எதுவும் தேறவில்லை, பிற காப்பகங்களிலிருந்த நகல்களை நம்ப வேண்டியதாயிற்று. 2015இல் படங்கள் திரையரங்குக்கும், அவ்வாண்டு நவம்பரில் வட்டுக்கும் வந்தன. மீட்பு வேலை எங்கே நடக்கிறது என்று தெரிந்தவருக்கு வெளியீடு எப்போது என்று ஓரளவு தெரியும் என்பதால்தான், கான் விழாவின் ‘கான் கிளாசிக்ஸ்’ பிரிவும் பொலோனாவில் ஆண்டுதோறும் நடக்கும் ‘இல் சினிமா ரித்ரோவாதோ’ விழாவும் வெளியிடும் பட்டியல்களைச் சேகரிப்பாளர்கள் வரிவரியாகப் படிக்கிறார்கள்.

எனினும் மீட்கப்பட்ட படம் உடனே வட்டாகிவிடும் என்ற சூத்திரமும் பல இடங்களில் தோற்றிருக்கிறது. எட்வர்ட் யாங்கின் ‘எ பிரைட்டர் சம்மர் டே’ மார்ட்டின் ஸ்கோர்செஸி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளையின் முயற்சியால் 2009இல் மீட்கப்பட்டது; அமெரிக்க வட்டு வந்தது 2016இல். சென்னைக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு படமும் இந்த வரிசையில் உண்டு. நடனக் கலைஞர் உதய் சங்கர் எழுதி இயக்கிய ‘கல்பனா’ (1948) என்ற இந்திப் படம் எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. அதே அறக்கட்டளை அதை மீட்டு 2012இல் கான் விழாவில் திரையிட்டது. கிரைட்டீரியனின் உலக சினிமாத் தொகுப்பில் அது சேர்ந்தது 2022இல். ஒரு பத்தாண்டு இடைவெளியை எந்தச் சூத்திரமும் முன்னறிந்திருக்க முடியாது. இத்தகைய தாமதங்களிலிருந்து அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் ஒரு பாடம் கற்றிருக்கிறார்கள்: மீட்பு என்பது வெளியீட்டுக்கு இன்றியமையாத நிபந்தனை, ஆனால் அதுவே போதுமான நிபந்தனை ஆகாது.

முழுப் படத்தின் உரிமை ஒருவரிடமே இருந்தாலும், படத்துக்குள் இருக்கும் மற்றொருவரின் உரிமை வழிமறிக்கலாம். சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ அதற்குப் பேர்போன உதாரணம். 1970களில் ஏறத்தாழ 10,000 டாலரில் எடுத்து முடிக்கப்பட்ட மாணவப் படம் அது. அதில் ஒலிக்கும் ப்ளூஸ், ஜாஸ் பாடல்களுக்கு அனுமதி பெறப்படவில்லை. ஆகவே படம் முப்பது ஆண்டு முறையான வெளியீடின்றி இருந்தது. 2007இல் மைல்ஸ்டோன் நிறுவனம் அதை வெளியிட்டபோது இசை உரிமைக்கு மட்டும் 1,50,000 டாலர் ஆயிற்று. படத்தின் செலவைப் போலப் பதினைந்து மடங்கு! அப்போதும் இறுதிக் காட்சியின் டைனா வாஷிங்டன் பாடலுக்கு அனுமதி கிடைக்காமல் வேறு பாடல் வைக்கப்பட்டது. அண்மையில், 2025இன் பதிப்பில்தான் அது தன் இடத்துக்குத் திரும்பியது. இதற்கு நேர்மாறாக, எல்லா உரிமையும் கையிலிருந்தும் உரிமையாளர் மனம் வைக்காததால் அடைபட்டிருக்கும் படங்களும் உண்டு. அடிமை முறைக்குப் பிந்திய அமெரிக்கத் தென்பகுதி வாழ்க்கையை இனிப்பாகக் காட்டியதற்காகக் கண்டிக்கப்பட்ட ‘சாங் ஆஃப் த சௌத்’ (1946) படத்தை டிஸ்னி அமெரிக்காவில் எந்த வீட்டு வீடியோ வடிவிலும் வெளியிட்டதே இல்லை. இங்கே ஊகத்துக்கு இடமே இல்லை என்று தெரிந்துகொள்வதும் ஒரு தேர்ச்சிதான்.

இந்த முறையின் பலவீனம் மறைபொருள் வாசிப்பில் வெளிப்படுகிறது. செய்திமடல் சித்திரத்தில் ஒரு பறவையும் ஒரு தொப்பியும் இருந்தால் அது பத்துப் படங்களுக்குப் பொருந்தும். அறிவிப்பு வந்தபின் பொருந்தியது மட்டும் நினைவில் நிற்கும். பொருந்தாத ஒன்பதும் மறந்துபோகும். சோதிடம் பலித்த கதைகள் பெருகுவதும் இவ்வழியில்தான். எனவே ஊகங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. உரிமை கைமாறிய செய்தி, விழாவில் திரையிடப்பட்ட புதிய மீட்பு, பிரிட்டனின் தணிக்கைக் குழுவில் ஒரு வட்டு நிறுவனத்தின் பெயரில் பதிவான சான்றிதழ் ஆகியவை யாரும் சரிபார்க்கக்கூடிய சான்றுகள். சித்திர விடுகதை அரைச் சான்று. நிறுவனத்துக்குள் எனக்கு ஆள் இருக்கிறது என்பவரின் பேச்சு சான்றே ஆகாது. நல்ல சேகரிப்பாளர் இம்மூன்றுக்கும் தனித்தனி எடை தருகிறார், ஆசையை நான்காவதாக ஒதுக்கிவைக்கிறார். பொய்த்த ஊகங்களில் பெரும்பகுதி ஆசை முதல் வகைக்குள் நுழைந்துவிட்டதால் பொய்த்தவை.

முதல் மறுப்பு இங்கே எழும். இவையெல்லாம் நிறுவனத்துக்குச் செய்யப்படும் கூலியில்லா விளம்பரம் அல்லவா? எண் போட்டு ஆசையைத் தூண்டுவதும், விடுகதை போட்டுப் பேசவைப்பதும், அமெரிக்கப் புத்தகக் கடைகளில் ஆண்டுக்கு இருமுறை பாதி விலைக்கு விற்று அலமாரியை நிரப்பவைப்பதும் வணிகத் தந்திரங்களே. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தந்திரம் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. கேட்பவர் சிலரே என்பதால் வெளியிட முடியாது என்று ஸ்டூடியோக்கள் சொல்லிவந்த படங்களுக்காக 2009இல் வார்னர் நிறுவனம் ‘வார்னர் ஆர்க்கைவ்’ என்ற வரிசையைத் தொடங்கியது. ஆர்டர் வந்தபின் ஒவ்வொன்றாகப் பதிந்து கொடுக்கும் டிவிடிகள் அவை. சிறிய கூட்டத்தின் விடாத கேள்வி ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கிலேயே இடம்பிடித்தது என்பதுதான் இதன் பொருள். விளம்பரத்துக்குப் பலியாகும் கூட்டம் தரப்பட்டதை வாங்கிக்கொண்டு போகும். தராததைப் பெயர்சொல்லிக் கேட்பதும், ஏன் தரவில்லை என்று காரணம் தேடுவதும் வேறு வகைச் செயல்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கடுமையானது. எல்லாப் படமும் ஓடிடியில் வரும் காலத்தில் வட்டைப் பற்றிய ஊகமே பழங்கால மோகம். நெட்ஃபிளிக்ஸ்கூடத் தன் வட்டு அஞ்சல் சேவையை 2023 செப்டம்பர் 29இல் மூடிவிட்டது என்பார்கள். வட்டுச் சந்தை சுருங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓடிடி ஒரு காப்பகத்தின் இடத்தை நிரப்பும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்றுகள் வலுவானவை. உலகச் செவ்வியல் படங்களுக்கென்றே நடந்த ஃபிலிம்ஸ்டிரக் சேவையை அதன் முதலாளிகள் 2018 நவம்பரில் ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். கிரைட்டீரியன் தன் சொந்தச் சேவையைத் தொடங்க 2019 ஏப்ரல் ஆயிற்று. 2023இல் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. வில்லியம் ஃபிரீட்கினின் ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ (1971) படத்தில் இனவெறிச் சொல் வரும் ஒரு சிறு பகுதி வெட்டப்பட்ட வடிவமே இணையச் சேவைகளில் ஓடிக்கொண்டிருந்தது. எந்த அறிவிப்பும் இல்லை. பார்வையாளர்கள் அதைக் கண்டுபிடித்து, பழைய வட்டில் இருப்பது இது, இப்போது காட்டப்படுவது இது என்று ஒப்பிட்டார்கள். அலமாரியில் வட்டு இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு வழியே இல்லை. உரிமை போனபோது ‘தி தேர்ட் மேன்’ கடையிலிருந்துதான் போயிற்று, வாங்கியவர் வீட்டிலிருந்து போகவில்லை. அச்சான நூலைப் போலவே அச்சான வட்டையும் யாரும் திரும்பப் பெற முடியாது.

மூன்றாம் மறுப்புக்கு முழு விடை இல்லை; அதை ஏற்றுக்கொண்டு வாதத்தைத் திருத்திக்கொள்வதே நேர்மை. ஊகம் தடயத்தைப் பின்தொடர்கிறது. தடயமே இல்லாத படத்தை அது நினைப்பதுகூட இல்லை. முன்பு வந்தவற்றைப் பார்த்து இனி வருவதைக் கணிப்பதால், பட்டியலில் ஏற்கெனவே உள்ள பெயர்களே திரும்பத் திரும்ப ஊகிக்கப்படுகின்றன. 2020 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் கிரைட்டீரியனின் பட்டியலை ஆராய்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஆப்பிரிக்க அமெரிக்க இயக்குநர்கள் நான்கே பேர் என்று எழுதியது. நிறுவனத்தின் தலைவர் பீட்டர் பெக்கர் தம் பார்வையில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டார். இவ்வளவு ஆண்டுகளாக மாதந்தோறும் பட்டியல் போட்ட சேகரிப்பாளர் உலகமும் அந்தக் குறையைப் போதிய அளவு எழுப்பியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருப்பது யாரிடம் என்று கண்டுபிடிக்க இந்த முறை வல்லது. இல்லாதது ஏன் இல்லை என்று கேட்க அது தானாகப் பழகுவதில்லை. அதை வெளியிலிருந்து யாராவது கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கிருந்து பார்க்கும்போது நம் நிலைமை இரு மடங்கு விலகியிருக்கிறது. ப்ளூ-ரே வட்டுகளில் அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். கிரைட்டீரியனின் வட்டை வாங்கிவந்தாலும் எல்லா மண்டலமும் படிக்கும் பிளேயர் வேண்டும். 4கே வட்டுகளுக்குத்தான் மண்டலப் பூட்டு இல்லை. இது வாங்குகிறவரின் சிக்கல். பெரிய சிக்கல் நம் படங்களைப் பற்றியது. 2007இல் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் படங்களை 28 ரூபாய் விசிடியாகவும் 34 ரூபாய் டிவிடியாகவும் விற்கத் தொடங்கியபோது உரிமை என்ற சாவி மொத்தமாக ஒரே கைக்கு வந்தது. மூலப்பொருளைத் தேடிச் சீர்செய்யும் செலவுக்கு அந்த விலையில் இடம் இருந்திருக்க முடியாது. எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டு கழிந்து 60 ஆண்டு. பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) படத்துக்கு அது 2024ஓடு முடிந்தது. ஆனால் பாடல் வரிகளுக்குக் காலக்கணக்கு வேறு. எழுதியவர் மறைந்தபின் 60 ஆண்டு. 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு அது 2041 வரை ஓடும். ‘கில்லர் ஆஃப் ஷீப்’ சந்தித்த அதே முட்டுக்கட்டை, பாடல் இல்லாத படமே அரிதான நம் சினிமாவில் எத்தனை படங்களுக்குக் காத்திருக்கிறது என்பதை யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. 1931இன் ‘காளிதாஸ்’ படத்துக்கோ எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. ஆனால் படத்தின் பிரதியே இல்லை.

2012இல் ‘கர்ணன்’ டிஜிட்டல் வடிவில் மீண்டும் திரைக்கு வந்து சென்னையில் நூறு நாள் கடந்து ஓடியது. எனவே பழம்படத்துக்குச் சந்தை இல்லை என்ற வாதம் தமிழில் செல்லாது. இங்கே குறைவது கேள்வி. நம் திரைப்படப் பேச்சு பெரும்பாலும் எது சிறந்த படம், எவர் சிறந்த நடிகர் என்ற தீர்ப்புகளில் நின்றுவிடுகிறது. ஒரு படத்தின் நெகட்டிவ் எந்த லேபில் இருந்தது, லேப் மூடியபோது எங்கே போயிற்று, நெகட்டிவ் ரைட்ஸ் கடைசியாக யாரிடம் விற்கப்பட்டது என்ற தகவல்கள் தயாரிப்பாளர் குடும்பங்களின் நினைவோடும் ஃபைனான்சியர்களின் கோப்புகளோடும் அழிகின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அடுத்த மாத வட்டு எது என்ற அற்ப ஆர்வத்தில் தொடங்கித்தான் இந்தத் தகவல்களைத் தேடக் கற்றார்கள். நாம் அதே ஆர்வத்தில் தொடங்கினாலும் தவறில்லை. திரைப்படச் சங்கங்களும், இதழியல் படிக்கும் மாணவர்களும், தனிப்பட்ட ரசிகர்களும் தாங்கள் விரும்பும் ஒரு பழைய படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் உரிமை, மூலச் சுருள், இசை உரிமை ஆகிய மூன்றும் இன்று எங்கே இருக்கின்றன என்று விசாரித்து எழுதிவைக்கட்டும். அந்தப் படங்களின் தயாரிப்பாளர்களும் லேபில் வேலை பார்த்தவர்களும் உயிரோடு இருக்கும்போதே இந்த வேலை நடக்க வேண்டும்.